நார்த் டெலவேர் தெருவின் வீடு

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் சில ஆண்டுகளாக அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி அருகே வசித்து வருகிறேன். ஊரிலிருந்து வந்திருந்த என் பெற்றோரை அழைத்துக்கொண்டு, பக்கத்திலுள்ள இண்டிபெண்டன்ஸுக்குச் சென்று, முன்னாள் ஜனாதிபதி ஹாரி ட்ரூமன் நார்த் டெலவேர் தெருவில் வாழ்ந்த வீட்டைப் பார்த்து வந்தோம். அவருடைய மேல்கோட்டும் தொப்பியும் நடைக்கூடத்தில் இன்னும் மாட்டியிருக்கின்றன. சுற்றிக் காட்டிய பெண்மணி, நல்ல கணவர், நல்ல தந்தை, மிசௌரி மண்ணின் எளிய குடும்பஸ்தர் என்று அவரைப் பற்றி நெகிழ்ந்து சொன்னார். என் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கோ ஹிரோஷிமாதான் நினைவுக்கு வந்தது.

இந்த மிட்வெஸ்ட் பகுதிச் செய்தித்தாள்களில் வரும் இரங்கல் குறிப்புகளிலும் ஏறக்குறைய இதே சொற்களைப் பார்க்கிறேன். இறந்தவர் விவசாயியோ, கடைக்காரரோ, ‘குடும்பத்தின் மீது பேரன்பு கொண்டவர்’ என்று எழுதுகிறார்கள். சாதாரண மனிதர்களுக்கு அது பொருந்தும். இரண்டு நகரங்களை அழித்த குண்டுகளுக்குப் பொறுப்பானவரையும் அதே சொற்களால் நினைவுகூர்வது, நடந்ததைப் பூசி மெழுகுவதாகாதா?

கான்சாஸ் சிட்டியிலிருந்து ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

ஒருவர் தம் மனைவியையும் மகளையும் நேசித்தார் என்பதற்காக ஹிரோஷிமாவின் கணக்கிலிருந்து எதையும் தள்ளுபடி செய்துவிட முடியாது. இதில் உங்களோடு எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அந்தப் பெண்மணி சொன்னது பொய்யும் அன்று. ‘நல்ல கணவர், நல்ல தந்தை’ என்ற சொற்கள் புழங்கிப் புழங்கித் தேய்ந்துவிட்டதால், அவற்றுக்குப் பின்னால் அறுபது ஆண்டு உழைப்பு இருந்தது என்பது கேட்பவர் மனத்தில் படுவதில்லை. அந்த உழைப்பு எப்படிப்பட்டது என்று தெரிந்துகொண்ட பிறகு உங்கள் கேள்வி இன்னும் கடுமையாகும் என்று நினைக்கிறேன்; அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

1884இல் மிசௌரி மாநிலத்தின் லமார் என்னும் ஊரில் பிறந்த ட்ரூமன், ஆறு வயதில் குடும்பத்தோடு இண்டிபெண்டன்ஸுக்கு வந்தபோது, தேவாலயத்தின் ஞாயிறு பள்ளியில் பெஸ் வாலஸ் என்ற ஐந்து வயதுச் சிறுமியைப் பார்த்தார். அந்த நாள் தொட்டுத் தமக்கு ஒரே காதலிதான் என்று பிற்காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். பள்ளிப்படிப்பு முடிந்ததும் பாதைகள் பிரிந்தன. 1906இல், கான்சாஸ் சிட்டி வங்கியில் பார்த்துவந்த எழுத்தர் வேலையை விட்டுவிட்டு, தந்தை அழைத்தார் என்பதற்காகக் கிராண்ட்வியூவில் இருந்த அறுநூறு ஏக்கர் பண்ணைக்குத் திரும்பினார். அடுத்த பதினோரு ஆண்டுகள் ஏர் பிடித்தார். 1910இல் ஒருநாள், இண்டிபெண்டன்ஸில் வாலஸ் குடும்பத்தின் எதிர்வீட்டில் வசித்த தம் அத்தையைப் பார்க்க வந்திருந்தபோது, வாலஸ் வீட்டிலிருந்து கேக் வந்த தட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. தட்டை நான் கொண்டுபோகிறேன் என்று பாய்ந்து எடுத்துச் சென்றவர் திரும்பி வர இரண்டு மணி நேரம் ஆயிற்று என்று அந்தக் குடும்பத்தில் கதை சொல்வார்கள். கதவைத் திறந்தவர் பெஸ்.

அதன் பிறகு கடிதங்கள் தொடங்கின. 1911 ஜூனில் எழுதிய ஒரு கடிதத்தில், மழையில்லாமல் வறண்ட அந்தக் கோடையில் தண்ணீரும் உருளைக்கிழங்கும் வைரத்தைப் போல அரிதாகிவிடும் என்று புலம்பிக்கொண்டே வந்து, வைரம் என்றதும் நினைவுக்கு வருகிறது, நான் ஒரு மோதிரம் வாங்கி வந்தால் இடது கையில் அணிந்துகொள்வாயா என்று கேட்டுவிட்டார். உருளைக்கிழங்கு வழியாக வந்த அந்தக் கேள்வியை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனம் நெகிழ்கிறது. பெஸ் மறுத்துவிட்டார். தம்மைக் கேலி செய்யாமல் மறுத்ததற்கு நன்றி சொல்லி ட்ரூமன் பதில் எழுதினார்; எழுதுவதை நிறுத்தவில்லை. டென்னிஸ் ஆடுவதில் தேர்ந்தவரான பெஸ் பண்ணைக்கு வரக்கூடும் என்று அங்கே ஒரு டென்னிஸ் களத்தையே அமைத்தார். எதிர்பார்த்த அந்த விடுமுறை நாளில் அவர் வரவில்லை. 1913இல்தான் சம்மதம் கிடைத்தது. பிறகு தந்தையின் மரணம், பண்ணைக் கடன், முதல் உலகப்போரில் பிரான்ஸில் பீரங்கிப் படைக் கேப்டனாகப் பணி. திருமணம் நடந்த 1919 ஜூன் 28 அன்று அவருக்கு வயது 35.

நீங்கள் பார்த்த வீடு ட்ரூமனுடையதாக இருக்கவில்லை. பெஸ்ஸின் தாத்தா கட்டிய வீடு அது. பெஸ்ஸுக்குப் பதினெட்டு வயதானபோது, 1903இல், அவருடைய தந்தை தற்கொலை செய்துகொண்டார். அந்த அவமானத்திலும் துயரத்திலும் உலகத்திடமிருந்து ஒதுங்கிக்கொண்ட தாய் மேட்ஜ் வாலஸை விட்டுவிட்டு வர மகளால் முடியவில்லை. ஆகவே ட்ரூமன் அங்கே குடிபோனார். நாம் ‘வீட்டோடு மாப்பிள்ளை’ என்று ஓர் ஏளனத்தோடு சொல்வோமே, அந்த நிலையில் 33 ஆண்டுகள் இருந்தார். மருமகன் மாவட்ட நிர்வாகியாகி, செனட்டராகி, ஜனாதிபதியான பிறகும், தன் மகளுக்கு இவர் ஏற்றவர் என்று மாமியார் ஒருபோதும் ஒப்புக்கொள்ளவில்லை என்றும், கடைசிவரை ‘மிஸ்டர் ட்ரூமன்’ என்றே அழைத்தார் என்றும் சொல்வார்கள். ட்ரூமன் அவரை வெள்ளை மாளிகையிலும் தம்மோடு வைத்துக்கொண்டார். 1952 டிசம்பரில் அவருடைய உயிர் அங்கேதான் பிரிந்தது. ட்ரூமனின் குடும்ப வாழ்க்கையில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். காதலித்த பெண்ணுக்கு ஆயிரம் கடிதம் எழுதுவது ஒருவருக்கு இன்பமாகவே இருக்கலாம். தம்மைக் குறைவாக மதிக்கும் ஒருவரோடு தினமும் ஒரே மேசையில் அமர்ந்து, பதிலுக்கு ஒரு கடுஞ்சொல் சொல்லாமல் முப்பத்து மூன்று ஆண்டுகளைக் கழிப்பதில் இன்பம் எதுவும் இல்லை. பெஸ்ஸுக்காக மட்டுமே செய்யக்கூடிய காரியம் அது.

அவர் தவறியதையும் சொல்ல வேண்டும். போர்க்கால நண்பர் எடி ஜேக்கப்சனோடு சேர்ந்து கான்சாஸ் சிட்டியில் திறந்த ஆண்கள் ஆடைக்கடை, போருக்குப் பிந்தைய விலைவீழ்ச்சியில் 1922இல் மூடப்பட்டது. நண்பர் சில ஆண்டுகள் கழித்துத் திவால் அறிவித்தார். ட்ரூமன் அதற்கு உடன்படாமல் பல ஆண்டுகள் கடனை அடைத்துக்கொண்டிருந்தார். அதை நாணயம் என்று எல்லோரும் பாராட்டுகிறார்கள், நானும் பாராட்டுகிறேன். ஆனால் கிராண்ட்வியூ பண்ணையின் அடமானக் கடனை அவராலும் அவர் தம்பியாலும் தீர்க்க முடியாமல் போய், 1940இல் பண்ணை ஏலத்துக்கு வந்தது. 87 வயதுத் தாய் மார்த்தா எலன் அந்த இடத்தை விட்டு வெளியேறி, பழக்கமில்லாத புது வீட்டில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். மகன் அப்போது அமெரிக்க செனட்டர்.

பெஸ்ஸுக்கு அவர் எழுதியவற்றில் 1,300க்கும் மேற்பட்ட கடிதங்கள் எஞ்சியிருக்கின்றன. பெஸ்ஸுக்கு வாஷிங்டன் பிடிக்கவில்லை என்பதும், தாயோடு இருப்பதற்காக அவர் மாதக்கணக்கில் இண்டிபெண்டன்ஸிலேயே தங்கிவிடுவார் என்பதும் அத்தனை கடிதங்களுக்கு ஒரு காரணம். 1945 ஜூலையில் ஸ்டாலினோடும் சர்ச்சிலோடும் பேச பொட்ஸ்டாமுக்குப் போனவர், பெஸ் கேட்டிருந்த ஷனேல் நம்பர் 5 வாசனைத் திரவியம் கள்ளச்சந்தையில்கூடக் கிடைக்கவில்லை, வேறொன்று வாங்கியிருக்கிறேன் என்று அங்கிருந்து எழுதுகிறார். அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு மோசமான வானிலையில் விமானமேறி வீட்டுக்கு வந்தவருக்கு அன்பான வரவேற்பு கிடைக்கவில்லை. திரும்பிப் போனதும், செய்யப் பிடிக்காத நூறு காரியங்களைச் செய்துவிட்டு வீடு திரும்பினால், உலகத்திலேயே நான் மதிக்கும் ஒரே நபர் பூனை இழுத்து வந்து போட்ட எதையோ பார்ப்பதுபோல என்னைப் பார்த்தால் எப்படியிருக்கும் என்று எழுதினார். அந்தக் கடிதத்தை அனுப்பவில்லை. அவருடைய காகிதங்களுக்குள்ளேயே இருந்துவிட்டது. பெஸ் எழுதியவை மிகக் குறைவாகவே மிஞ்சியுள்ளன, ஏனென்றால் அவரே அவற்றை எரித்துவிட்டார். “வரலாற்றை நினைத்துப் பார்” என்று ட்ரூமன் தடுத்தபோது, “நினைத்துப் பார்த்தேன்” என்று பெஸ் சொன்னதாக அவர்களுடைய பேரன் சொல்லிவருகிறார்.

1953 ஜனவரியில் பதவி முடிந்து ரயிலேறி ஊர் திரும்பியபோது அவருக்கு அரசிடமிருந்து கிடைத்தது மாதம் 112 டாலர் சொச்சம் ராணுவ ஓய்வூதியம் மட்டுமே; முன்னாள் ஜனாதிபதிகளுக்கான ஓய்வூதியச் சட்டம் 1958இல்தான் வந்தது. வீட்டுக்கு வந்து முதலில் என்ன செய்தீர்கள் என்று நிருபர் கேட்டதற்கு, பெட்டிகளைப் பரணுக்குக் கொண்டுபோனேன் என்றார். 1957 ஜூன் 28 அன்று, தங்கள் திருமண நாளில், பெஸ்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒவ்வோர் ஆண்டின் ஜூன் 28க்கும் ஒரு வரி. 1920: மகிழ்ச்சியான ஓராண்டு. 1922: கையில் காசில்லை, மோசமான நிலை. 1924: மகளுக்கு நான்கு மாதம். 1925: வேலையில்லை. 1926: இன்னும் வேலையில்லை. 1927: மாவட்ட நிர்வாகத் தலைவர், மறுபடியும் சாப்பிடுகிறோம். இப்படியே போகிறது. 1945க்கும் ஒரே வரிதான்: துணை ஜனாதிபதி, ஜனாதிபதி, போர் முடிவு.

நண்பரே, அந்த வரியில்தான் உங்கள் கேள்வி எனக்கும் எழுகிறது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஹிரோஷிமாவில் மட்டும் சுமார் 1,40,000 பேர் இறந்தார்கள் என்று மதிப்பிடப்படுகிறது. வைரமோதிரத்தை உருளைக்கிழங்கு வழியாகக் கேட்டவர், மாமியாரிடம் அத்தனை பொறுமை காட்டியவர், மகளுடைய நான்கு மாதத்தை மறக்காமல் குறித்துவைத்தவர், அந்த ஆண்டை மூன்று சொல்லில் கடந்துபோகிறார். அவருக்குத் தெரியாமல் இல்லை. 1945 ஆகஸ்ட் 10 அமைச்சரவைக் கூட்டத்தில், தம் அனுமதியின்றி இனி அணுகுண்டு போடக்கூடாது என்று தடுத்துவிட்டதாக அறிவித்த ட்ரூமன், இன்னும் ஒரு லட்சம் பேரைக் கொல்வது நினைக்கவே பயங்கரமாக இருக்கிறது, ‘அத்தனை குழந்தைகளை’க் கொல்வது தமக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னதாக, வணிக அமைச்சர் ஹென்றி வாலஸ் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். குழந்தைகள் என்ற சொல் ஒரு தந்தையின் வாயில் வந்த சொல். ஆனால் அது நாகசாகிக்கும் மறுநாள் வந்தது. பொதுவெளியில் அவர் அந்த முடிவுக்காக ஒருபோதும் வருந்தவில்லை. இறுதிவரை அதை நியாயப்படுத்தினார். குடும்பத்தின் மீதிருந்த அன்பு அந்தக் குண்டைத் தடுக்கவில்லை. தன் வீட்டுக் குழந்தையின் அருமை தெரிந்தவர்களுக்கு மற்ற வீட்டுக் குழந்தைகளின் அருமையும் தானாகவே தெரிந்துவிடும் என்று நாம் நம்ப விரும்புகிறோம். ட்ரூமனுடைய வாழ்க்கை அந்த நம்பிக்கைக்கு இடம் தரவில்லை.

இன்னொரு நிகழ்ச்சியையும் சொல்கிறேன். 1950 டிசம்பரில் கொரியப் போரில் அமெரிக்கப் படைகள் பின்வாங்கிக்கொண்டிருந்தன. டிசம்பர் 5 அன்று அவருடைய பள்ளித்தோழரும் பத்திரிகைச் செயலாளருமான சார்லி ராஸ் திடீரென்று இறந்தார். அன்றிரவு பாடகியான மகள் மார்கரெட்டின் கச்சேரி நடந்தது. மறுநாள் ‘வாஷிங்டன் போஸ்ட்’ விமர்சகர் பால் ஹ்யூம், அவருக்குச் சரியாகப் பாட வரவில்லை என்று எழுதினார். ட்ரூமன் கொதித்துப்போய், உம்மை நேரில் சந்தித்தால் உமக்குப் புது மூக்கு தேவைப்படும் என்று அவருக்குக் கைப்படக் கடிதம் எழுதித் தபாலில் சேர்த்துவிட்டார். அது பத்திரிகையில் வெளியானது. மகளுக்காக ஒரு தகப்பன் கோபப்படக்கூடாதா என்று அவரைப் பரிவோடு பார்த்தவர்களும் இருந்தார்கள். கொரியாவில் மகனைப் பறிகொடுத்த ஒரு தந்தைக்கோ ட்ரூமன் மீதே கோபம் இருந்தது. மகனுக்கு அளிக்கப்பட்ட பர்ப்பிள் ஹார்ட் பதக்கத்தை அவர் ட்ரூமனுக்கே அனுப்பிவைத்தார். என் மகனின் உயிர் போனதற்கு நீங்கள்தான் நேரடிப் பொறுப்பு, இதை உங்கள் கோப்பைகளோடு வைத்துக்கொள்ளுங்கள், என் மகனுக்கு அங்கே நேர்ந்தது உங்கள் மகளுக்கு நேரவில்லையே என்பதுதான் என் வருத்தம் என்று உடன் எழுதியிருந்தார்.

உங்கள் கேள்வியை எல்லோருக்கும் முன்பாகக் கேட்டவர் அவர் என்று நினைக்கிறேன். மகளுக்காகத் தந்தை என்ற பெயரை எடுத்துக்கொண்ட ட்ரூமனிடம், தந்தை என்ற பெயராலேயே அவர் கணக்குக் கேட்டார். ஆகவே, ட்ரூமனைக் குடும்பஸ்தர் என்று நினைவுகூர்வதை நிறுத்த வேண்டாம் என்பேன். ஆனால் அப்படி நினைவுகூர்கிறவர்கள் அந்தப் பதக்கத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ட்ரூமன் அதை எறிந்துவிடவில்லை. 1972 டிசம்பர் 26 அன்று, தம் 88ஆவது வயதில், அவர் இறந்த பிறகு, இண்டிபெண்டன்ஸில் அவர் பெயரால் அமைந்த ஜனாதிபதி நூலகத்திலிருந்த அவருடைய அலுவலக மேசை இழுப்பறையில் அந்தக் கடிதமும் பதக்கமும் கிடைத்தன.

நீங்கள் பார்த்த வீட்டிலிருந்து அந்த நூலகம் அதிகத் தொலைவில் இல்லை. அதன் முற்றத்தில் ட்ரூமனும், அவருக்குப் பின் பத்தாண்டுகள் வாழ்ந்த பெஸ்ஸும் அடுத்தடுத்து அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். அடுத்த முறை உங்கள் பெற்றோர் வரும்போது அங்கேயும் அழைத்துச் செல்லுங்கள். அந்தத் தந்தையின் கடிதத்தை உங்கள் அம்மாவுக்குத் தமிழில் சொல்லுங்கள்.

அன்புடன்.