பைக்கின் ஏர் ஃபில்டரைக் காற்றடித்துச் சுத்தம் செய்தால் போதுமா, மாற்றியே ஆக வேண்டுமா?

உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை ஃபில்டர் என்பதைப் பொறுத்தே இதற்குப் பதில் சொல்ல முடியும். ஹோண்டா ஷைன் போன்ற பல வண்டிகளில் எண்ணெய்ப் பூச்சுள்ள காகித ஃபில்டர் வருகிறது. தூசியைப் பிடித்து வைப்பதே அந்த எண்ணெய்ப் பசைதான் என்பதால், காற்றடித்தால் படிந்த தூசி வெளியேறாமல், காகித இழைகள் விரிந்து, தூசி உள்ளே நுழைய வழி ஏற்படும். மெக்கானிக் எவ்வளவு அக்கறையோடு காற்றடித்துக் கொடுத்தாலும் இவ்வகையை மாற்றுவது ஒன்றே வழி. பெரும்பாலான கையேடுகள் 15,000 கிலோமீட்டரை ஒட்டி இதற்கான கெடுவைக் குறிப்பிடுகின்றன. கல்குவாரி லாரிகள் ஓடும் சாலையில் தினமும் செல்பவர் அதில் பாதித் தொலைவிலேயே திறந்து பார்த்துவிடுவது நல்லது.

எண்ணெய் பூசாத உலர்ந்த காகித ஃபில்டராக இருந்தால், மெதுவாகத் தட்டி, குறைந்த அழுத்தத்தில் உட்புறத்திலிருந்து வெளிப்புறமாகக் காற்றடிக்கலாம். ஃபோம் வகையைச் சோப்பு நீரில் அலசி, முறுக்காமல் அழுத்திப் பிழிந்து, நிழலில் முழுவதும் உலர்த்திய பிறகு, கையேடு சொல்லும் எண்ணெயில் நனைத்து, மிகுதியைப் பிழிந்துவிட்டுப் பொருத்த வேண்டும். பெட்ரோலில் கழுவும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை; தீ அபாயம் ஒருபுறம் இருக்க, ஃபோமை ஒட்டியிருக்கும் பசையும் அதில் கரையக்கூடும்.

ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை என்பதால், ஒரு லிட்டர் பெட்ரோல் தீர்வதற்குள் எஞ்சின் சுமார் 9,000 லிட்டர் காற்றை இழுத்துவிடுகிறது. அந்த வழி அடைபட்டால் கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோலின் விகிதம் கூடி, பிளக் கரிபிடித்து, மைலேஜ் குறையும். கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலை மின்னணு முறையில் பீய்ச்சும் பிஎஸ் 6 (புதிய மாசுக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த) வண்டிகளில் சென்சார்கள் காற்றுக்கேற்பப் பெட்ரோலைக் குறைத்துவிடுவதால் மைலேஜ் பெரிதாக மாறாமல், மேட்டில் இழுவை மட்டும் குறையலாம். ஆகவே மைலேஜை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள். அடைப்பைவிடக் கிழிசல் மோசமானது. உள்ளே போகும் மணல் துகள் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் அராவிவிடும். பிறகு எஞ்சின் ஆயிலைக் குடிக்கத் தொடங்கும்.

மாற்றும் வேலையை வீட்டிலேயே செய்யலாம். பழையதை எடுத்ததும் எஞ்சினுக்குச் செல்லும் துளையைத் துணியால் அடைத்து, பெட்டியின் உட்புறத்தை ஈரத்துணியால் துடைத்து, துணியை எடுத்துவிட்டு, ரப்பர் விளிம்பு எங்கும் மடங்காமல் புதியதைப் பொருத்துங்கள். பெட்டியின் அடியில் மூடியுள்ள சிறு குழாய் இருந்தால் அதில் தேங்கிய எண்ணெயையும் நீரையும் வடித்துவிடுங்கள். பலர் இதைக் கவனிப்பதே இல்லை. வாட்டர் சர்வீஸின்போது பெட்டியின் காற்று வாய்ப் பக்கம் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஏனெனில் நனைந்த காகித ஃபில்டரை உலர்த்தி மீண்டும் போடுவதில் பயனில்லை.