பென்சிலால் ஒரு கடல்

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற வாரம் அமெரிக்க ஓவியர் வியா செல்மின்ஸின் கடல் ஓவியம் ஒன்றைப் பகிர்ந்திருந்தீர்கள். புகைப்படம் என்றே நினைத்துக் கடந்து போய்விட்டேன். அது பென்சிலால் வரைந்தது என்று மனைவி சொன்ன பிறகுதான் திரும்பப் பார்த்தேன். ஆனால், புகைப்படத்தைப் பார்த்து அச்சு அசலாக வரைவதுதான் வேலை என்றால், அதைக் கேமராவே செய்துவிட்டதே? கைத்திறமையை ஒப்புக்கொள்கிறேன். கலை எங்கே இருக்கிறது?

ஆர்., திருநெல்வேலி

அன்புள்ள ஆர்.,

புகைப்படமோ என்று மயங்கும்படி வரையும் மிகையதார்த்தம் என்ற பெயரில் இன்று கண்ணில் படும் பலவற்றைப் பற்றி உங்கள் சந்தேகம் நியாயமானதே. நீர்த்துளி உருளும் பழம், ஈரக் கூந்தல் எல்லாம் நம்மை ஏமாற்றிவிட்டதோடு நின்றுவிடுகின்றன. செல்மின்ஸ் அந்த வரிசையில் வரமாட்டார்.

1938இல் லாட்வியாவின் ரிகா நகரில் பிறந்தவர் அவர். போரின்போது குடும்பத்தோடு ஊரைவிட்டு வெளியேறி, ஜெர்மனி வழியாக 1948இல் அமெரிக்கா சேர்ந்தார். லாஸ் ஏஞ்சலஸின் வெனிஸ் பகுதியில் வசித்தபோது, கடலுக்குள் நீளும் பாலத்தில் நின்று பசிபிக்கைப் படம் எடுத்தார். அந்தப் படங்களை வைத்து 1960களின் இறுதியில் வரையத் தொடங்கியவைதான் இந்தக் கடல்கள்.

அவற்றில் தொடுவானம் இல்லை. கரை, படகு, பறவை எதுவும் இல்லை. தாளின் நான்கு ஓரங்கள் வரை தண்ணீர்தான். கண் போய் இளைப்பாற ஓர் இடம் கிடையாது. எந்த மூலையையும் அவர் ஒப்பேற்றவில்லை. ஓரத்துச் சிற்றலைக்கும் நடுவில் இருக்கும் அலைக்கும் ஒரே கவனம்.

அது எவ்வளவு கடினம் என்பது நானே முயன்றபோதுதான் தெரிந்தது. முற்றத்து அண்டாவில் இருந்த தண்ணீரைப் படம் எடுத்துவைத்துக்கொண்டு வரைய உட்கார்ந்தேன். முதலில் வளைகோடுகளாகப் போட்டேன். படத்தில் கோடே இல்லை! ஒரு கறுப்புத் திட்டு, அதன் விளிம்பில் சாம்பல், அதற்குள் ஊசிமுனையளவு வெள்ளை, அவ்வளவுதான். அந்த வெள்ளையைப் போட முடியாது. சுற்றிலும் கருமை ஏற்றி, தாளின் வெள்ளையை விட்டுவைக்க வேண்டும். இரண்டு மணி நேரத்தில் தீப்பெட்டி அளவு இடம்கூட முடியவில்லை. ஆனால் அந்த அண்டாத் தண்ணீரை அன்றுதான் பார்த்தேன்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில் அவருடைய இன்னொரு படைப்பில் இருக்கிறது. நியூ மெக்சிகோவின் வடபகுதியில் பொறுக்கிய கற்களில் பதினொன்றைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றையும் வெண்கலத்தில் வார்த்து, மேலே புள்ளி புள்ளியாக, ரேகை ரேகையாக வண்ணம் தீட்டினார். 1977இல் தொடங்கியது 1982இல் முடிந்தது. 'உருவத்தை நினைவில் பதிக்க' என்பது தலைப்பின் பொருள். அசல் கல்லும் வெண்கலக் கல்லும் ஒன்றாகவே வைக்கப்பட்டிருக்கின்றன. எது எது என்று கண்டுபிடிக்கக் குனிகிறோம். வழியில் கிடந்தால் காலால் எத்திவிட்டுப் போயிருப்போம். இப்போது அதன் ஒவ்வொரு கீறலையும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். கேமரா நம்மை இப்படிக் குனியவைத்ததில்லை. நான் கலை என்று சொல்வது அந்தக் குனிதலைத்தான்.

அந்தக் கடலை இன்னொரு முறை பெரிதாக்கி, ஏதாவது ஒரு மூலையில் ஒரே ஓர் அலையை மட்டும் பாருங்கள். உங்கள் மனைவிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் முதலிலேயே பார்த்துவிட்டார்.