68 இலட்சம் கடனும் வங்குரோத்து மனுவும்

கடிதம்

வணக்கம் ஐயா,

களுவாஞ்சிகுடிப் பக்கம் உரம், கிருமிநாசினி விற்கிற கடை வைத்திருக்கிறேன். 2021இல் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை போட்ட பிறகு நிமிரவே இல்லை. இன்றைக்கு வங்கிக் கடன் 28 இலட்சம் (மச்சானும் ஒரு கூட்டாளியும் பிணை), பட்டா என்கிற சின்ன லொறியின் லீசிங் 12, மனைவியின் நகை அடகில் 6, நூற்றுக்கு 5 வட்டிக்கு வெளியில் எடுத்தது 9, உரக் கொம்பனிகளுக்கு 13. ஆக 68 இலட்சம். வெளியில் எடுத்த காசுக்குத் தொகை எழுதாமல் மூன்று செக்கும் ஒரு நோட்டும் (கடனைத் திருப்பித் தருவதாக எழுதுகிற வாக்குறுதிச் சீட்டு) கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். எனக்கு விவசாயிகள் தரவேண்டியது 19 இலட்சம். சீதன வீடு மனைவி பெயரில். என் பெயரில் வெல்லாவெளியில் மூன்று ஏக்கர் பேர்மிட் வயலும் (அரச அனுமதிப்பத்திரத்தில் கிடைத்தது), 20 பேர்ச் உறுதிக் காணியும் (சொந்தப் பத்திரமுள்ளது) இருக்கின்றன.

கோர்ட்டில் வங்குரோத்து மனு போட்டால் எல்லாக் கடனும் போய்விடும் என்கிறார் கொழும்பு நண்பர் ஒருவர். அதற்கு முதல் 20 பேர்ச்சைத் தங்கச்சி பெயருக்கு எழுதிவிடச் சொல்கிறார். வங்கி மனேஜரோ அந்தக் காணியை ஈடு வைத்தால் எல்லாவற்றையும் ஒன்றாக்கி 60 இலட்சத்துக்கு ஒரு லோன் தரலாம் என்கிறார். எது சரி?

பதில்

தம்பி,

இரண்டும் வேண்டாம். காணியைத் தங்கச்சிக்கு எழுதுவது எல்லாவற்றிலும் மோசம்.

தனியாள் வங்குரோத்துக்கு இலங்கையில் உள்ளது 1853ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். மாற்ற வேண்டும் என்ற பேச்சு சில வருடமாக நடக்கிறது. மனு போடுகிற அன்றைக்கு எது நடைமுறையில் இருக்கிறது என்று சட்டத்தரணியிடம் உறுதிப்படுத்துங்கள். மாவட்ட நீதிமன்றத்தில் மனு, கடன்காரர் பட்டியல், சொத்துப் பட்டியல், வர்த்தமானி அறிவித்தல், பகிரங்க விசாரணை என்று அது நீளும். உங்கள் சொத்தும் கடைக் கணக்கும் நீதிமன்றம் நியமிக்கிறவர் கைக்குப் போகும். கடைசியில் கிடைக்கிற சான்றிதழில் மூன்று வகுப்பு. தவிர்க்க முடியாத நட்டத்தால் விழுந்தவருக்கு முதலாம் வகுப்பு, ஓரளவு தன் பிழையும் சேர்ந்தவருக்கு இரண்டாம் வகுப்பு, முழுக்கத் தன் நடத்தையால் விழுந்தவருக்கு மூன்றாம் வகுப்பு. உரத்தடை உங்களுக்குச் சாதகம். கட்ட வழியில்லை என்று தெரிந்த பிறகு நூற்றுக்கு 5க்கு எடுத்தது பாதகம்.

ஆனால் வகுப்பைப் பற்றி யோசிக்க முதல், அந்தச் சான்றிதழ் 68 இலட்சத்தில் எதை அழிக்கும் என்று பாருங்கள். கடனைத் தொகையை வைத்துப் பார்க்காமல், கொடுத்தவர் எதைப் பிடித்து வைத்திருக்கிறார் என்று வைத்துப் பார்க்க வேண்டும்.

வங்கியின் 28 இலட்சத்தில் நீங்கள் விடுபட்டாலும் பிணை வைத்தவர்கள் விடுபட மாட்டார்கள். பிணைப் பத்திரத்தில் “முதலில் கடனாளியிடம் அறவிடுங்கள்” என்று கேட்கும் உரிமையைப் பெரும்பாலும் முன்கூட்டியே விட்டுக்கொடுத்துத்தான் கையெழுத்து வாங்குவார்கள். நீங்கள் மனுப் போட்டால் வங்கி நேரே மச்சானிடம் போகும். கடன் தகவல் பணியகத்தின் (கிரிப்) அறிக்கையிலும் அவர் பெயரில் இந்தப் பிணை தெரியும்; அவர் நாளைக்கு வீட்டுக் கடன் கேட்டால் அங்கே இடிக்கும். லொறிப் புத்தகத்தில் முழு உரிமையாளர் லீசிங் கொம்பனி, ஆகவே லொறி போகும். நகை அடகுக்காரர் கையில். வெளிக்கடன் 9 இலட்சத்துக்குச் செக் நிற்கிறது: கணக்கில் காசில்லை என்று தெரிந்து கொடுத்த செக் திரும்பினால், 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தின் 25ஆம் பிரிவில் அது குற்றம், ஒரு வருடம் வரை மறியல். வங்குரோத்துச் சான்றிதழ் குற்ற வழக்கைத் தடுக்காது.

மிஞ்சுவது உரக் கொம்பனிகளின் 13 இலட்சம். அதற்காகக் கடையைப் பூட்டி, மச்சானை மாட்டிவைத்து, வர்த்தமானியில் பெயர் போடுவதா? பிணையாளி இல்லாமல், ஈடு இல்லாமல், செக் கொடுக்காமல், கடன்காரர் ஒவ்வொருவராக வழக்குப் போட்டுக்கொண்டிருக்க, வருமானத்துக்கும் வழியில்லாத ஆளுக்குத்தான் இந்த மனு பொருந்தும். உங்கள் நிலை அதுவல்ல.

மனேஜர் சொல்வதில் ஒரு கொக்கி இருக்கிறது. இன்றைக்கு அவரிடம் உங்கள் காணி இல்லை. ஈடு வைத்தால், இதுவரை எதையும் பிடித்திராத கடன்களும் அந்த 20 பேர்ச்சில் ஏறிவிடும். அதோடு 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி, ஈடு வைத்த சொத்தை வங்கி வழக்கில்லாமல், தன் பணிப்பாளர் சபைத் தீர்மானத்தோடு ஏலம் போடலாம். முதல் தொகை 50 இலட்சத்துக்குக் கீழ் என்றால் அந்த வழி வங்கிக்கு இல்லை. 28ஐ 60 ஆக்குகிறபோது அந்தக் கோட்டை நீங்களே தாண்டிப் போகிறீர்கள். கேட்க வேண்டியது வேறு: 28 இலட்சத்தை மட்டும், புது ஈடில்லாமல், தண்ட வட்டியை விட்டுக்கொடுத்து, மாதாமாதம் வட்டியும் பெரும்போகம், சிறுபோகம் வெட்டி முடிந்த பிறகு முதலும் கட்டுகிற மாதிரி மறுசீரமைப்பு. உங்களுக்குக் காசு வருவது மாசி, பங்குனியிலும் ஆவணி, புரட்டாதியிலும்தான். சமமான மாதத் தவணை உங்கள் தொழிலுக்குப் பொருந்தாது. எழுத்தில் கேளுங்கள். வங்கி மறுத்தால் அந்தக் கடிதத்தோடு மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு எழுதலாம்.

தங்கச்சிக்கு உறுதி எழுதுவது: கடன் ஏறிய பிறகு, விலை வாங்காமல் உறவுக்காரருக்கு எழுதிய உறுதியைக் கடன்காரர் வழக்குப் போட்டு இரத்துச் செய்விக்கலாம். பிறகொரு நாள் உண்மையிலேயே வங்குரோத்து மனு தேவைப்பட்டால், இந்த ஓர் உறுதி உங்கள் நேர்மையைக் கேள்வியாக்கும். ஒரு கடன்காரருக்கு மட்டும் அவசரமாக முழுக்கக் கட்டுவதும் அப்படித்தான். உண்மையில் உங்களுக்கு ஒளிக்கவே தேவையில்லை. சீதன வீடு மனைவியின் தனிச் சொத்து. அவர் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடாதவரை உங்கள் கடனுக்கு அது பொறுப்பல்ல. ஆகவே இனி யார் கேட்டாலும் அவரைக் கையெழுத்துப் போட விடாதீர்கள். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான பேர்மிட் வயலை எந்தத் தீர்ப்பை வைத்தும் கைப்பற்றி விற்க முடியாது. அதைக் கள்ள ஒப்பந்தத்தில் ஈடு வைக்காமல் இருந்தால் சரி.

இப்போது எரிவது வெளிக்கடன். மாதம் 45,000 வட்டி, வருடத்துக்கு நூற்றுக்கு 60. 1918ஆம் ஆண்டின் கடன் கொடுத்தல் கட்டளைச் சட்டப்படி நோட்டில் முதல் எவ்வளவு, முன்கூட்டி வெட்டிய வட்டி எவ்வளவு, வருட வட்டி வீதம் என்ன என்று தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். இல்லாத நோட்டை வைத்து அறவிடுவது கடினம். வட்டி அநியாயம் என்றால் நீதிமன்றம் கணக்கைத் திரும்பத் திறக்கலாம். தனியாள் கொடுத்த கடனில் நிலுவை வட்டி முதலைத் தாண்டவும் முடியாது. ஆனால் கொடுத்தவர் நோட்டைத் தூக்கமாட்டார், செக்கைத்தான் தூக்குவார். ஆகவே முதலில் செக்கைத் திரும்ப எடுக்கிற வழியைப் பாருங்கள்.

அதற்குக் காசு நகையில் இருக்கிறது. அடகு வைத்த அன்றைய தங்க விலையில் மதிப்பிட்ட நகை அது. இன்றைய விலை எங்கேயோ நிற்கிறது. மனைவி சம்மதித்தால், ஏலத்துக்குப் போகவிடாமல் ஒரு பகுதியை விற்று அடகை மீட்டு, மிச்சத்தை வெளிக்கடனின் முதலுக்குக் கொடுங்கள். கையில் காசாக வேண்டாம், வங்கி மூலம். ஒவ்வொரு முறையும் “முதலில் இவ்வளவு கழிந்தது” என்று ரசீது, கூடவே ஒரு செக் திரும்ப. பழைய செக்குக்குப் பதிலாகப் புதுச் செக் கேட்பார், கொடுக்காதீர்கள்.

லொறிக்குக் கொம்பனியிடம் இன்றைய தீர்வுத் தொகையை எழுத்தில் வாங்கி, அவர்கள் சம்மதத்தோடு வாங்குகிறவரைக் கொண்டு கட்டி முடியுங்கள். பிடித்துக்கொண்டு போகவிட்டால் பிடித்த செலவு, யார்ட் வாடகை, ஏலச் செலவு எல்லாம் உங்கள் கணக்கில் ஏறி, விற்ற பிறகும் மிச்சம் கேட்பார்கள்.

கடைசியாக அந்த 19 இலட்சம். இதைத்தான் நீங்கள் கடிதத்தில் ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். கடையில் கடனுக்கு விற்ற சாமானுக்கு வழக்குப் போட 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டம் தருவது ஒரு வருடம்தான். கொப்பியில் எழுதி வைத்த கடன் பலதும் ஏற்கெனவே செத்திருக்கும். ஆனால் விவசாயி ஆயிரம் ரூபாய் கட்டினாலும், “இவ்வளவு தரவேண்டும்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாலும் காலம் புதிதாகத் தொடங்கும். ஒழுங்கான நோட்டாக எழுதினால் ஆறு வருடம். கொப்பியை எடுத்து, கடைசியாகக் காசு தந்த திகதியின்படி அடுக்குங்கள். பத்து, பதினொரு மாதம் ஆனவர்கள் வீட்டுக்கு இந்தக் கிழமையே போங்கள். களத்துமேட்டில் நெல் கிடக்கிறபோது போகிறவருக்குத்தான் காசு கிடைக்கும். வராத சிறு தொகைகளுக்கு மத்தியஸ்த சபை இருக்கிறது, செலவில்லை.

உரக் கொம்பனி ஆள் வந்து நிலுவைக் கணக்கில் கையெழுத்துக் கேட்டால், அதே சட்டம் அவருக்கும் உதவும் என்பது நினைவில் இருக்கட்டும். ஒப்பந்தத்தையும் கணக்கையும் சட்டத்தரணிக்குக் காட்டாமல் கையெழுத்துப் போட வேண்டாம். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். போகும்போது கிரிப் அறிக்கை, பிணைப் பத்திரப் பிரதி, லீசிங் ஒப்பந்தம், செக் புத்தக அடிக்கட்டை, கடன் கொப்பி ஐந்தையும் கொண்டுபோங்கள்.