கடற்கரைப் பொட்டலில் கால்பந்து பார்க்கப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

ஊர் ஊராகப் போய், ஒவ்வொரு மைதானத்திலும் ஒரு முழு ஆட்டம் பார்த்து, நோட்டில் ஏற்றிக்கொள்கிற கிரவுண்ட் ஹாப்பிங் பழக்கம் இங்கிலாந்து, ஜெர்மனிப் பக்கம் பழசு. அதையே தொண்டி முதல் சாயல்குடி வரையிலான இராமநாதபுரக் கரையில் செய்து பார்க்க நினைக்கிறவர்கள் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும் இவை.

மதுரை: அண்ணே, எந்த மாதம் வந்தால் ஆட்டம் நிறைய கிடைக்கும்?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, தம்பி. அந்த 61 நாளும் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். படகுக்குப் போகிற இளவட்டம் முழுக்கக் கரையில் இருக்கும், பள்ளிக்கூடமும் லீவு. செவன்ஸ் (டீமுக்கு ஏழு பேர்), ஃபைவ்ஸ் (ஐந்து பேர்) போட்டிகளை அப்போதுதான் வைப்பார்கள்.

மற்ற மாதங்களில் படகுக் கணக்கைப் பாருங்கள். பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்பது ஏற்பாடு. இராமேஸ்வரத்தில் விசைப்படகு திங்கள், புதன், சனி கிளம்பி மறுநாள் காலை திரும்பும். சனிக்கிழமை சாயங்காலம் பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் போனால் பாதி டீம் கடலில் இருக்கும். ஞாயிறு சாயங்காலம் போங்கள். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் கணக்கு வேறு. அங்கே பெருநாளை ஒட்டி சபுராளிகள், அதாவது வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர்கள், ஊர் வந்திருக்கும்போது போட்டி சூடுபிடிக்கும், பரிசுத்தொகையும் ஏறும். நோன்பு மாதத்தில் பகலாட்டத்தை எதிர்பார்க்காதீர்கள்.

திருச்சி: போட்டி அட்டவணை எங்கே கிடைக்கும்?

இணையத்தில் தேடினால் கிடைக்காது. பஸ் ஸ்டாப், டீக்கடை, மீன் ஏலக்கூடம், இந்த மூன்று இடத்திலும் ஃப்ளெக்ஸையும் சுவரொட்டியையும் படியுங்கள். அதில் பரிசு கொடுப்பவர் பெயர் பெரிதாகவும் மைதானத்தின் பெயர் சின்னதாகவும் இருக்கும். தேதியைவிட முக்கியம் கீழே இருக்கும் போன் நம்பர். கிளம்புகிற அன்று காலையிலேயே அடித்து, "இன்னைக்கு எத்தனை மேட்ச், முதல் மேட்ச் எத்தனை மணிக்கு" என்று கேட்டுவிடுங்கள். நாலு மணி என்றால் நாலரை. மின்னொளிப் போட்டி என்றால் ஜெனரேட்டர் வந்த பிறகு.

சென்னை: கடற்கரையில் கம்பு நட்டு ஆடுவதையெல்லாம் மைதானம் என்று கணக்கில் சேர்க்கலாமா? நாளைக்கு அந்த இடத்தில் அது இருக்காதே?

இதில் சண்டை ஓயாது. இங்கிலாந்தில் முதல் நான்கு டிவிஷனில் உள்ள 92 கிளப்புகளின் மைதானங்களையும் முடிப்பதுதான் பழைய இலக்கு. அங்கே மைதானம் என்றால் சுவர், கேட், டிக்கெட். அந்த அளவுகோலைக் கொண்டுவந்தால் இராமநாதபுரம் நகரத்து சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

இந்தக் கரைக்கு ஒத்துவருகிற கணக்கு இது: இரண்டு பக்கமும் கோல் கம்பம், எல்லைக்கோடு, நடுவர், ஸ்கோர் எழுத ஒருவர், தொடக்கம் முதல் முடிவு வரை நீங்கள் அங்கே இருப்பது. இந்த ஐந்தும் இருந்தால் ஏற்றுங்கள். கடற்கரையோரம் கம்பம் நூறு மீட்டர் தள்ளிப் போனாலும் அதே ஊர், அதே கமிட்டி என்றால் அது ஒரே மைதானம்தான். பொட்டலிலிருந்து வற்றிய கண்மாய்க்குள் மாற்றிவிட்டார்கள் என்றால் அது இரண்டாவது. தரையே வேறு, ஆட்டமும் வேறு.

பரமக்குடி: வடகடல் பக்கம் பார்ப்பதா, தென்கடல் பக்கமா?

காற்றைப் பார்த்து முடிவு செய்யுங்கள். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும். அப்போது தென்கடல் கரையில், அதாவது மன்னார் வளைகுடாப் பக்கம், காற்று கடலிலிருந்து கரைக்கு வரும். மணல் ஊசி மாதிரி முழங்காலில் குத்தும், ஆனால் கடலில் விழுந்த பந்து அலையோடு திரும்பி வந்துவிடும். வடகடல் கரையில், அதாவது பாக் நீரிணைப் பக்கம், அதே காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகும். உட்கார்ந்து பார்க்கச் சுகம்தான். ஆனால் பந்து தண்ணீரில் விழுந்தால் நிற்காது, நீந்திப் போனாலும் பிடிபடாமல் தள்ளிக்கொண்டே போகும். விவரமான கமிட்டி கடல் பக்கம் பழைய வலையைக் கட்டியிருக்கும், அல்லது ஒரு வள்ளத்தை ஆளோடு நிறுத்தியிருக்கும். அக்டோபரில் வாடை பிறந்ததும் எல்லாம் தலைகீழ்: வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கும்.

காற்று ஆட்டத்தையும் மாற்றும். காற்றை எதிர்த்து அடித்த கோல் கிக் நடுக்கோட்டைத் தாண்டாது. டாஸ் ஜெயித்தவன் எந்தப் பக்கம் கேட்கிறான் என்பதைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் நோட்டைப் புரட்டும்போது ஸ்கோர் ஏன் அப்படிப் போனது என்பதற்கு அந்த ஒரு வரி போதும். உட்காருவது எப்போதும் காற்று முதுகில் படுகிற பக்கம்.

தூத்துக்குடி: மைதானத்தை எப்படி அளப்பது? நடந்து அளந்தால் போதுமா?

பொட்டலில் போதும், மணலில் போதாது. பொலபொல மணலில் கால் பின்னால் வழுக்கி ஒவ்வொரு எட்டும் குட்டையாவதால், நடந்து அளக்கிறவர்கள் எல்லோரும் மைதானத்தைப் பெரிதாக்கிவிடுகிறார்கள். 30 மீட்டர் டேப் வாங்கிக்கொள்ளுங்கள். அளவை ஆட்டத்துக்கு முன்னால் கமிட்டியிடம் கேட்டுவிட்டு எடுங்கள். பரிசுப் போட்டியில் திடீரென்று ஒருவர் டேப் பிடித்தால் எதிர் டீம் ஆள் என்று நினைப்பார்கள்.

முழு மைதானத்துக்கு விதிப்படி நீளம் 90 முதல் 120 மீட்டர், அகலம் 45 முதல் 90. கோல் 7.32க்கு 2.44. பீச் சாக்கர் என்றால் 35 முதல் 37 மீட்டர் நீளம், 26 முதல் 28 அகலம், கோல் 5.5க்கு 2.2. செவன்ஸுக்கு ஊருக்கு ஊர் மாறும், அளந்தால்தான் உண்டு. குறுக்குக் கம்பத்தை நடுவிலும் ஓரத்திலும் தனித்தனியாக அளங்கள். சவுக்குக் கம்பு நடுவில் தொய்யும். சில இடத்தில் கம்பே இருக்காது, நைலான் கயிறுதான். அப்போது மேலே போன பந்து கோலா இல்லையா என்ற தகராறும் ஆட்டத்தில் சேர்த்திதான்.

கோடு எதனால் போட்டிருக்கிறது என்றும் எழுதுங்கள். பொட்டலில் சுண்ணாம்புப் பவுடர், மணலில் கயிறு அல்லது காலால் கீறிய பள்ளம். கச்சான் நாளில் சுண்ணாம்பு இடைவேளைக்குள் பறந்துவிடும்.

காரைக்குடி: பைக்கில் வருகிறோம். எங்கே விடுவது?

தார் ரோட்டோரம். உவர் நிலம் மேலே வெள்ளையாகக் காய்ந்து கெட்டியாகத் தெரியும், ஒரு விரல்கடைக்குக் கீழே சேறு. மணலில் நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் சைடு ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு துண்டு பனைமட்டையை வைத்துவிட்டு நிறுத்துங்கள். இல்லாவிட்டால் முதல் பாதி முடிவதற்குள் வண்டி சாய்ந்து கிடக்கும்.

கோயம்புத்தூர்: ஊர் டீமுக்குப் பந்து வாங்கிக் கொடுக்க ஆசை. எது உழைக்கும்?

ஐந்தாம் நம்பர் பந்து. விதிப்படி எடை 410 முதல் 450 கிராம். கையால் தைத்த பந்து இங்கே ஆகாது. உப்புத் தண்ணீர் தையலுக்குள் இறங்கிக் கனக்கும், நூலும் சீக்கிரம் இற்றுப்போகும். ரப்பர் மோல்டிங் பந்து வாங்குங்கள், நிவியா ஸ்டார்ம் மாதிரி. கூடவே இரண்டு ஊசியும் ஒரு கைப்பம்பும் கொடுத்தால் பந்தைவிட அதற்குத்தான் வாழ்த்துவார்கள். பொட்டலைச் சுற்றி நிற்கிற சீமைக்கருவேல முள்தான் முதல் எதிரி. முள் குத்திய பந்தை ஆட்டம் நடக்கும்போது ஆராய மாட்டார்கள். முள்ளைப் பிடுங்கினால் காற்று மொத்தமாக இறங்கும், உள்ளேயே இருந்தால் கொஞ்ச நேரம் தாங்கும்.

தொண்டி: செருப்பில்லாமல் மணலில் நடக்கலாமா?

கூடாது. தூண்டில் முள், உடைந்த சிப்பி, வலையிலிருந்து உதறிப்போட்ட கெளுத்தியின் முள், எல்லாம் மணலுக்குள் கிடக்கும். கெளுத்தி முள் காய்ந்த பிறகும் ஆழமாக ஏறும். மீன் புதிதாக இருந்தால் விஷக் கடுப்பும் சேரும். குத்தினால் முள் துண்டை எடுத்துவிட்டு, கை பொறுக்கிற சூட்டில், ஏறத்தாழ 45 டிகிரி வெந்நீரில், காலை அரை மணி நேரத்துக்கு மேல் வைத்திருங்கள். வலி இறங்கும். பிறகு ஆஸ்பத்திரியில் டி.டி. ஊசி. டீக்கடையில் வெந்நீர் கேட்டால் காரணம் கேட்காமல் கொடுப்பார்கள்.

காய்கிற வலையையும் கருவாட்டையும் மிதிக்காதீர்கள், தாண்டவும் வேண்டாம், சுற்றிப் போங்கள். குடிதண்ணீர் இந்த மாவட்டத்தில் விலை உயர்ந்த பொருள். ஆளுக்கு இரண்டு லிட்டர் கொண்டுவாருங்கள். மைதானத்துக் குடத்தில் மொண்டு கால் கழுவினால் ஊரே பார்க்கும்.

சிவகங்கை: நாங்கள் இரண்டு பெண்கள். போகலாமா, அண்ணே?

தாராளமாக வாங்கம்மா. கமிட்டி மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலி போடச் சொல்லுங்கள், போட்டுத் தருவார்கள். கோல் கம்பத்துக்குப் பின்னால் நிற்க வேண்டாம். இளவட்டக் கூட்டமும் பந்தும் அங்கேதான். மின்னொளிப் போட்டி நடுநிசியைத் தாண்டும், திரும்ப வண்டியை முதலிலேயே பேசிவிடுங்கள்.

பெங்களூரு: ட்ரோன் எடுத்து வரலாமா? தீவுகளில் ஆட்டம் உண்டா?

வேண்டாம். உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளம், மண்டபத்தில் கடலோரக் காவல்படை, எதிரே சர்வதேச எல்லை. பறக்கவிட்டால் ஆட்டம் பார்க்காமல் ஸ்டேஷனில் உட்கார வேண்டியிருக்கும். மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்கா, அங்கே பந்துக்கு இடமில்லை.

விருதுநகர்: தனுஷ்கோடியில் ஒரு ஆட்டம் பார்த்தால் பெருமையாக இருக்குமே?

பெருமைதான். ஆனால் 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு அது ஊராகத் திரும்ப எழவில்லை. 2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தும், கச்சான் நாளில் மணல் சாலையை மூடும், பொழுது சாய்வதற்குள் போலீஸ் எல்லோரையும் வெளியே அனுப்பிவிடும். சிறுவர்கள் பந்து உதைப்பதைப் பார்க்கலாம், நோட்டில் ஏற்ற முடியாது.

சேலம்: வெளிநாட்டில் இது மாதிரி மைதானம் உண்டா?

நார்வேயில் ஹென்னிங்ஸ்வேர். பாறைத்தீவின் மேல் மைதானம், சுற்றிலும் காட் மீன் காயப்போடுகிற பந்தல். நம் பாம்பன்காரரைக் கொண்டுபோய் விட்டால் வாசனையிலேயே ஊர் வந்துவிட்டது என்பார். தாய்லாந்தின் கோ பன்யீ மீனவ ஊரில் தரையே கிடையாது. 1986 உலகக் கோப்பையைப் பார்த்த சிறுவர்கள் பழைய பலகைகளைச் சேர்த்து மிதக்கும் மைதானம் கட்டிக்கொண்டார்கள்.

அருப்புக்கோட்டை: வெளிச்சம் போய் ஆட்டம் பாதியில் நின்றால்?

டிசம்பரில் ஆறு மணிக்கே சூரியன் இறங்கும், மே மாதத்தில் ஆறரை. அன்றைய மூன்றாவது ஆட்டம் ஐந்தரைக்கு மேல் தொடங்கினால் முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் மிச்சத்தை மட்டும் ஆடுவார்களா, முதலிலிருந்தா என்று கமிட்டியிடம் கேளுங்கள். மிச்சம் மட்டும் என்றால் இரண்டு நாளும் வந்தால்தான் கணக்கு. முதலிலிருந்து என்றால் நேற்றைய பக்கத்தை அடித்துவிட்டு, ஸ்கோரை மட்டும் ஓரத்தில் எழுதி வையுங்கள்.