ஒரு பறவை கத்தினால் மற்ற பறவைகளைப் பாருங்கள்

கேள்வி: பறவைகள் பாடுவதும் கத்துவதும் ஒன்றுதானா? அவை உண்மையிலேயே ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றனவா, இல்லை நாம்தான் அப்படி நினைத்துக்கொள்கிறோமா?

நான் ஆராய்ச்சியாளன் இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவன். வெயில் ஏறினால் பால் ஒழுக்கு குறைந்துவிடும் என்பதால் காலை நாலு மணிக்கே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கிவிடுவோம். ஒரு நாளைக்கு 300 மரம். கை பழகிவிட்டால் கத்தி தன் பாட்டுக்குப் பட்டையில் ஓடும், சிரட்டையில் பால் சொட்டும், காதுக்கு மட்டும் வேலை இருக்காது. பறவைச் சத்தம் கேட்கும் பழக்கம் எனக்கு அப்படி வந்ததுதான். புத்தகமும் கட்டுரையும் தேடிப் படித்தது பிற்பாடு.

சரி, கேள்விக்கு வருகிறேன். இரண்டும் ஒன்றில்லை. பாட்டு என்பது நீளமானது, ஓர் அமைப்பு உள்ளது, பெரும்பாலும் இனப்பெருக்க காலத்தில் வருவது. 'இது என் இடம், இன்னொருத்தன் வராதே' என்பதும் 'துணை தேடுகிறேன்' என்பதும்தான் அதில் இருக்கும் செய்தி. கத்துவது சின்னது: ஆபத்து, பசி, 'நான் இங்கே இருக்கிறேன், நீ எங்கே?' இப்படி. வருடம் முழுக்க, ஆண் பெண் குஞ்சு எல்லாமே கத்தும். நம் தமிழுக்கே இந்த வித்தியாசத்தில் ஒரு கண் உண்டு. காக்கை கரையும், குயில் கூவும், மயில் அகவும், ஆந்தை அலறும் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோமே, அது பறவைக்குப் பறவை பார்த்த வித்தியாசம். ஆனால் ஒரே பறவைக்குள்ளேயே பத்து விதம் இருக்கிறது என்பதை யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை.

பாட்டு என்பது எல்லைச் சண்டை என்று எனக்குப் புரிந்தது ஒரு தப்பைச் செய்த பிறகுதான். எங்கள் வீட்டுக் கிணற்றடியில் ஒரு குண்டுக்கரிச்சான் உண்டு, கறுப்பு வெள்ளைக் குருவி, வாலைத் தூக்கித் தூக்கி ஆட்டும். பங்குனி மாதம், காலையில் அது பாடுகிற பாட்டு கேட்க அத்தனை நன்றாக இருக்கும். போனில் அதே இனத்தின் பாட்டு ஒன்றைத் தேடி எடுத்து, சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கரில் போட்டுக் கிணற்றுச் சுவரில் வைத்தேன். மறுபாட்டு பாடும், வீடியோ எடுக்கலாம் என்று நினைப்பு. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, அந்த ஆண் குருவி நேராக வந்து ஸ்பீக்கரைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது, மேலே உட்கார்ந்தது, மார்பை நிமிர்த்திக்கொண்டு அதைக் கொத்தியது. நான் நிறுத்திவிட்டேன். அது நிறுத்தவில்லை. பத்து மணி தாண்டியும் அந்தச் சுவரை விட்டு நகராமல், இரை தேடாமல், இல்லாத எதிரிக்காகப் பாடிக்கொண்டே இருந்தது. நமக்குக் கச்சேரி, அதற்குப் பத்திரப்பதிவுத் தகராறு. கூடு கட்டுகிற நேரத்தில் இப்படிச் செய்து பார்க்காதீர்கள், குருவிக்கு அன்றைய பொழுதே போய்விடும்.

கத்துவதற்கு வந்தால், இதைவிடச் சுவாரசியம் உங்கள் வீட்டுக் கோழியிடமே இருக்கிறது. அம்மை அடுக்களையில் இருந்துகொண்டே, எட்டிக்கூடப் பார்க்காமல், 'மக்கா, கோழி கத்துத கத்தப் பாத்தா கீரியாக்கும், போய்ப் பாரு' என்பாள். போய்ப் பார்த்தால் மரச்சீனி மூட்டில் கீரி நிற்கும். இன்னொரு நாள் வேறு மாதிரி இழுவையான ஒரு சத்தம் வரும், உடனே 'பருந்து வந்திருக்கு' என்பாள், அண்ணாந்து பார்த்தால் தென்னைக்கு மேலே வட்டமிடும். சின்ன வயதில் அம்மைக்கு ஏதோ சக்தி இருக்கிறது என்றே நினைத்திருந்தேன். அப்புறம் படித்தால், பீட்டர் மார்லர் என்ற விஞ்ஞானியும் அவருடன் வேலை செய்தவர்களும் இதையே சோதனை செய்து காட்டியிருக்கிறார்கள். வானத்தில் வரும் எதிரிக்கு ஒரு சத்தம், தரையில் வரும் எதிரிக்கு இன்னொன்று. 1993ல் வந்த ஆய்வில், பருந்தே இல்லாமல் அந்தச் சத்தத்தை மட்டும் ஒலிபரப்பினார்கள். முதல் சத்தத்துக்குக் கோழிகள் மறைவிடம் தேடி ஓடிப் பதுங்கின, மேலே பார்த்தன. இரண்டாவதற்குக் கழுத்தை நீட்டி விறைப்பாக நின்று சுற்றிலும் பார்த்தன. பருந்தைக் காணாமலே பருந்துக்கு என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்கிறது என்றால், அந்தச் சத்தத்துக்குள் செய்தி இருக்கிறது என்றுதானே அர்த்தம்.

சேவல் இதிலும் அரசியல் செய்யும். பக்கத்தில் பெட்டை இருந்தால் பருந்தைப் பார்த்துக் குரல் கொடுக்கிறது, தனியாக இருந்தால் பெரும்பாலும் வாயை மூடிக்கொள்கிறது. இரை கிடைத்தால் 'டொக் டொக்' என்று பெட்டையைக் கூப்பிடுகிறதே, அதைச் சில நேரம் ஒன்றுமே இல்லாமலும் செய்கிறது, அதுவும் பெட்டை தூரத்தில் நிற்கும்போது. இதுவும் ஆராய்ச்சியில் பதிவான விஷயம்தான், எங்கள் வீட்டுச் சேவலைப் பற்றி நான் அவதூறு சொல்லவில்லை.

மார்லர் 1955லேயே இன்னொன்றும் சொன்னார். பருந்துக்காகச் சின்னக் குருவிகள் கொடுக்கும் எச்சரிக்கை மெல்லியதாக, கீச்சென்று உயர்ந்து, மெதுவாகத் தொடங்கி மெதுவாக முடியும். அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது கஷ்டம், ஆகவே கத்தியவன் தப்பிப்பான். ஆனால் உட்கார்ந்திருக்கும் ஆந்தையையோ பாம்பையோ பார்த்தால் கரகரவென்று, வெட்டி வெட்டி, உரக்கக் கத்தும். அது 'எல்லாரும் இங்கே வாங்க' என்று இடத்தைக் காட்டுவதற்காகவே. இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். மூன்று வருடம் முன்பு, பால் வெட்டி முடித்துச் சிரட்டைகளிலிருந்து பால் எடுத்துக்கொண்டிருந்தேன், ஏழரை மணி இருக்கும். ஓடைக்கரைக் கைதைப் புதர்ப் பக்கம் தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒன்று வழக்கமான சலசலப்பை விட்டுவிட்டு ஒரே இடத்தைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தது. வால்காக்கை ஒன்று வந்து சேர்ந்தது, அணில் வேறு பக்கத்து மரத்தில் தலைகீழாக நின்று டிக் டிக் என்றது. நான் அடுத்துப் போக வேண்டிய வரிசை அதுதான். நின்று பார்த்தேன். சருகோடு சருகாக ஒரு விரியன், அசையவே இல்லை. குருவிகள் மட்டும் இல்லையென்றால் என் கால் அங்கேதான் போயிருக்கும்.

பாம்புக்கென்றே தனிச் சொல் உண்டா என்று கேட்டால், ஜப்பானில் ஒரு சின்னக் குருவிக்கு உண்டு. தோஷிதாகா சுசுகி என்பவர் வருடக்கணக்காகக் காட்டில் உட்கார்ந்து ஜப்பானியச் சிட்டுவகை ஒன்றைப் பார்த்தார். பாம்புக்கான அதன் சத்தத்தை ஒலிபரப்பிவிட்டு ஒரு குச்சியை மரத்தில் பாம்பு மாதிரி இழுத்தால் மற்ற சிட்டுகள் கிட்டே வந்து பார்த்தன. வேறு சத்தம் போட்டாலோ குச்சியைப் பாம்பு மாதிரி அசைக்காமல் விட்டாலோ அவ்வளவு கண்டுகொள்ளவில்லை. இது 2018ல் வந்தது. அதற்கு முன்பு 2016ல் அவர் குழு காட்டியது இன்னும் பெரிய விஷயம்: 'கவனம்' என்கிற சத்தத்தையும் 'கிட்டே வா' என்கிற சத்தத்தையும் அந்த வரிசையில் சேர்த்துச் சொன்னால் குருவிகள் இரண்டையும் செய்கின்றன, வரிசையை மாற்றிப் போட்டால் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. வார்த்தை வரிசை என்பது மனிதனுக்கு மட்டும் சொந்தம் என்று அதுவரை ரொம்பப் பேர் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்து, இதெல்லாம் பிறவியிலேயே வருமா, கற்றுக்கொள்வதா? இரண்டும் உண்டு. குயிலை எடுத்துக்கொள்ளுங்கள். காக்கைக் கூட்டில் பிறந்து, காக்கை ஊட்டி, காக்கைச் சத்தத்தையே கேட்டு வளர்ந்தும், பெரிதானதும் குயிலாகத்தான் கூவுகிறது. அதற்குப் பாட்டு உடம்போடு வந்தது. (கூவுவது ஆண். பெண் குயில் 'கிக் கிக் கிக்' என்று கத்தும். பெண்ணின் குரலுக்குக் குயிலை உவமை சொல்கிறவர்கள் காதில் இதைப் போடாதீர்கள்.) ஆனால் பாடும் குருவி இனங்களும் கிளிகளும் தேன்சிட்டு மாதிரி இருக்கும் அமெரிக்க ஹம்மிங் பறவைகளும் கேட்டுத்தான் கற்கின்றன. கேம்பிரிட்ஜில் தோர்ப் என்பவர் 1950களில் ஒருவகைக் குருவிக் குஞ்சுகளைத் தனியாக, பெரியவை பாடுவதைக் கேட்காமல் வளர்த்தார். அவை பாடியது அரைகுறைப் பாட்டு.

கற்றுக்கொள்வது என்று வந்துவிட்டால் வட்டார வழக்கும் வந்துவிடும் இல்லையா. கலிபோர்னியாவில் ஒரே இனச் சிட்டு, சில மைல் தள்ளிப்போனாலே வேறு ராகத்தில் பாடுவதை மார்லரும் தமுராவும் 1960களில் பதிவு செய்தார்கள். நமக்கு இது ஆச்சரியமே இல்லை. களியக்காவிளைக்காரன் பேசுகிற தமிழும் ஆரல்வாய்மொழிக்காரன் பேசுகிற தமிழும் ஒன்றா? நடுவில் ஒன்றரை மணி நேர பஸ் பயணம்தான்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். நமக்குத் தொண்டையின் மேல் பக்கம் குரல்வளை. பறவைக்கு மூச்சுக்குழல் இரண்டாகப் பிரிகிற அடிப்பகுதியில் சிரிங்ஸ் என்ற உறுப்பு. பாடும் குருவிகளால் இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக இயக்க முடியும், அதனால் ஒரே நேரத்தில் இரண்டு சுரம் வரும்.

நம் சத்தமும் அவற்றை மாற்றுகிறது. நெதர்லாந்தின் லெய்டன் நகரத்தில் இரைச்சலான இடத்தில் வாழும் சிட்டுகள் தாழ்ந்த சுரங்களை விட்டு உயர்ந்த சுரத்தில் பாடுவதாக 2003ல் கண்டுபிடித்தார்கள், ஏனென்றால் வண்டிச் சத்தம் தாழ்வாக இருக்கிறது. எங்கள் ரோட்டில் விடிய விடிய டாரஸ் லாரி ஓடுகிறது. இங்கே யாராவது இருபது வருடம் முன்பு பதிவு செய்து வைத்திருந்தால் ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாம்.

போனில் சத்தத்தைக் கேட்டுப் பறவை பெயரைச் சொல்லும் மெர்லின் ஆப் பற்றியும் கேட்பீர்கள். நல்ல ஆப், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் அது 'யார்' என்பதைத்தான் சொல்லும், 'என்ன' என்பதைச் சொல்லாது. அதற்கு ஒரே வழி, ஒரு சத்தம் கேட்டதும் அடுத்த பத்து வினாடி சுற்றியிருக்கும் மற்ற பறவைகள் என்ன செய்கின்றன என்று பார்ப்பது. பதுங்கினால் ஒன்று, கூடினால் ஒன்று, சட்டை செய்யாமல் மேய்ந்துகொண்டிருந்தால் இன்னொன்று.

இந்த வழியும் ஏமாற்றும். போன மாதம் தோட்டத்து ஓரத்தில் வல்லூறின் குரல் தெளிவாகக் கேட்டது. தவிட்டுக்குருவிகள் மொத்தமும் புதருக்குள் பாய்ந்தன. நானும் மேலே தேடினேன், வல்லூறு இல்லை. கிளையில் ஒரு துடுப்புவால் கரிச்சான், மற்ற பறவைகளின் குரலை அப்படியே திருப்பிச் சொல்வதில் பேர்போனது, இறங்கி வந்து அவை கிளறிப் போட்டிருந்த சருகிலிருந்து எதையோ கவ்விக்கொண்டு திரும்ப ஏறிவிட்டது. ஆப்பிரிக்காவில் அதன் சொந்தக்காரக் கரிச்சான் ஒன்று பொய் எச்சரிக்கை கொடுத்து இரையைத் திருடுவது ஆய்வில் நிரூபணமானது. எங்கள் ஊர்க்காரன் தெரிந்தே செய்தானா, தற்செயலா என்று ஒரு முறை பார்த்துவிட்டுச் சொல்ல முடியாது. அன்றிலிருந்து அந்த மூலையில் மட்டும் பால் எடுக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகிறது எனக்கு.