தோட்டத்தில் இணைய லைன் மோசம். இணையவழிப் பட்டப்படிப்பு சரிப்படுமா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் குடியிருப்பு, மாலையில் லைன் விட்டுவிட்டு வருகிறது, வேலை பார்த்துக்கொண்டே இணையவழியில் பட்டம் படிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகப் படிக்கலாம். ஆனால் சேருவதற்கு முன், பாடத்தில் எவ்வளவு நேரலை வகுப்பு, எவ்வளவு பதிவு செய்த காணொளி என்று கேளுங்கள். படிப்பு நிலைப்பதும் பாதியில் நிற்பதும் பெரும்பாலும் இதைப் பொறுத்ததுதான்.

நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஓடும் காணொளி ஒரு மணி நேரத்தில் சுமார் 450 எம்பி டேட்டாவைத் தின்னும். வாரத்துக்கு எட்டு மணி நேர வகுப்பு என்றால் 3.6 ஜிபி. வேலை முடிந்து எல்லாரும் ஒரே கைப்பேசிக் கோபுரத்தை நம்பும் மாலை நேரத்தில் முதலில் தடுமாறுவது பதிவேற்றம், அதாவது உங்கள் பக்கத்திலிருந்து படமும் குரலும் போவது. அதனால் உங்கள் கேமராவை அணைத்துவிட்டுக் குரலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வகுப்புப் பதிவை விடியற்காலையில் இறக்கிக்கொள்ளலாம்.

பாடங்களை இணையத்தில் வைக்கும் மூடுல் (Moodle) தளத்தில் படிப்பு நடக்கிறது என்றால் அதன் கைப்பேசிச் செயலியில் குறிப்புகளை முன்கூட்டியே இறக்கி, லைன் இல்லாமலே படிக்கலாம். புதிர்த் தேர்வை அப்படி எழுத விரிவுரையாளர் அனுமதித்திருக்க வேண்டும். நேரக் கட்டுப்பாடுள்ள தேர்வுக்கு அந்த வசதி கிடையாது. அதற்கு மட்டும் நல்ல லைன் உள்ள பட்டணத்துக்குப் போய்விடுங்கள்.

இடுபணியைக் கடைசி இரவுக்கு விடாதீர்கள். அனுப்பியதும் உறுதிப்படுத்தும் திரையைப் படம்பிடித்து வையுங்கள்.

மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2000இல் தொடங்கப்பட்டது; வேலை பார்ப்பவர்களும் படிக்கும் வகையில் நடக்கிறது. எங்கே சேர்ந்தாலும், அந்தப் படிப்பு, படிப்புகளை அங்கீகரிக்கும் அரசு முகமையான எம்கியூஏவின் (MQA) பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கீகாரம் இல்லையென்றால் உயர்கல்விக்கான அரசுக் கடனான பிடிபிடிஎன் (PTPTN) கடனும் கிடைக்காது.