ஞாயிற்றுக்கிழமையும் ஆறு மணிதான்

கேள்வி: எனக்கு 43 வயது, வேலைக்குப் போகிறேன். சில மாதங்களாகக் காரணமே இல்லாமல் மனம் சோர்ந்து கிடக்கிறது. யூடியூபில் சொன்னபடி காலை 5 மணிக்கு எழுவது, பச்சைத் தண்ணீர்க் குளியல், 20 நிமிட தியானம், வெந்நீரில் தேன், நன்றி நாட்குறிப்பு என்று எல்லாவற்றையும் ஒன்றாக ஆரம்பித்தேன். 21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்றார்கள். ஒன்பதாம் நாளே எல்லாம் நின்றுவிட்டது. மன உறுதி இல்லாதவள் என்ற குற்ற உணர்ச்சிதான் மிச்சம். இரவு படுக்க 12 மணி ஆகிவிடுகிறது. ஞாயிறன்று ஒன்பது மணி வரை தூங்கி ஈடுகட்டுகிறேன். தினமும் செய்யக்கூடிய எளிய பழக்கங்களாகச் சொல்லுங்களேன்.
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: முதலில் ரத்தப் பரிசோதனை. ‘காரணமே இல்லாமல்’ என்பதை 43 வயதில் அப்படியே நம்பிவிடாதீர்கள். ஹீமோகுளோபின், தைராய்டுக்கு டி.எஸ்.ஹெச்., வைட்டமின் பி12, சர்க்கரை நான்கையும் பார்த்துவிடுங்கள். சைவம் என்றால் பி12-ஐக் கட்டாயம் விட்டுவிடாதீர்கள். ரத்தசோகையும் தைராய்டு குறைவும் அசதி, எரிச்சல், எதிலும் பிடிப்பில்லாமை என்று மனச்சோர்வு மாதிரியேதான் தலைகாட்டும். மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய சில ஆண்டுகளிலும் தூக்கம் கெடும், மனம் நிலைகொள்ளாது. அதையும் மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல், நாளின் பெரும்பகுதி மனம் இருண்டிருந்தால், பிடித்தவை எதுவும் பிடிக்காமல் போனால், அது பழக்கங்களால் மட்டும் சரிக்கட்டும் விஷயமில்லை. மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் அன்றே 14416-ஐ அழையுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் சேவை அது. இலவசம், 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம்.

இனி உங்கள் பட்டியலுக்கு வருவோம். 12 மணிக்குப் படுத்து 5 மணிக்கு எழுந்தால் ஐந்து மணி நேரத் தூக்கம். பெரியவர்களுக்குக் குறைந்தது ஏழு வேண்டும். ஒன்பது நாளில் 18 மணி நேரம் பாக்கி வைத்திருக்கிறீர்கள். அந்த நிலையில் யாருக்கும் தியானத்தில் கண் சொக்கும், எடுத்ததற்கெல்லாம் எரிச்சல் வரும். இதில் மன உறுதி எங்கே வந்தது? ஐந்து மணிக்கு எழச் சொன்னவர் முந்தைய இரவு எத்தனை மணிக்குப் படுத்தார் என்று யாராவது கேட்டார்களா?

ஆகவே ஒன்றே ஒன்றைப் பிடியுங்கள்: எழும் நேரம். ஆறு மணி என்று வைத்துக்கொள்வோம். திங்களும் ஆறு, ஞாயிறும் ஆறு. தூக்கம் வரும் நேரம் நம் கையில் இல்லை. ‘தூங்கு’ என்று உடம்புக்கு உத்தரவு போட முடியாது. எழும் நேரத்தை மட்டும்தான் அலாரம் வைத்துக் கட்டிப்போட முடியும்.

உங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் ஈடுகட்டுவதைவிடக் கெடுப்பதே அதிகம். ஆறுக்குப் பதில் ஒன்பது என்றால் மூன்று மணி நேரத் தள்ளல். சவுதி அரேபியாவுக்கும் நமக்குமே இரண்டரை மணி நேரம்தான் வித்தியாசம். வாராவாரம் விமானம் ஏறாமலே அங்கே போய்த் திரும்பி, ஞாயிறு இரவு தூக்கம் வராமல் புரண்டு, திங்கள் காலை முகம் வாடி உட்கார்ந்திருக்கிறீர்கள். விடுமுறை நாளில் அரை மணி, மிஞ்சினால் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம். அதுவும் போதவில்லை என்றால் மதியம் மூன்று மணிக்குள் 20 நிமிடம் கண்ணயருங்கள். அரை மணியைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்தில் இறங்கிவிடுவீர்கள். எழும்போது தலை கனக்கும், இரவுத் தூக்கமும் தள்ளிப்போகும்.

எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் வெளியே வாருங்கள். பெரும்பாலோருக்கு உடம்பின் உள் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் கூடுதலாக ஓடுவது. தினமும் காலையில் அதை இழுத்துப் பிடித்துச் சரிசெய்வது கண்ணில் விழும் வெளிச்சம். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். விளக்குப் போட்ட கூடத்தில் 100 முதல் 300 லக்ஸ் கிடைத்தால் அதிகம். மேகம் மூடிய காலையில்கூட வாசலில் சில ஆயிரம் லக்ஸ் இருக்கும். ஜன்னலோரம் உட்கார்ந்தால் போதும் என்பவர்கள் ஜன்னலிலிருந்து இரண்டடி தள்ளியதும் வெளிச்சம் எவ்வளவு விழுந்துவிடுகிறது என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை. 20 முதல் 30 நிமிடம், கூலிங்கிளாஸ் இல்லாமல் வெளியே இருங்கள். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது. நம் ஊரில் ஜூன் மாதம் ஆறுக்குச் சற்று முன்னும் ஜனவரியில் ஆறரையை ஒட்டியும் சூரியன் உதிக்கிறது. எனவே ஆறு மணிக்கு எழுபவருக்கு ஆண்டு முழுவதும் இது சாத்தியம். காலை வெளிச்சம் சரியாகக் கிடைத்தால், இரவு பத்து பத்தரைக்குத் தூக்கம் கேட்காமலே வரும்.

‘காலை ஆறிலிருந்து எட்டு வரை அடுப்படியை விட்டு நகர முடியாதே’ என்பீர்கள். டிபன் பாக்ஸ் யார் கட்டுகிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை, எழுதவும் தேவையில்லை. வீட்டில் மற்றவர்களுக்கும் கை இருக்கிறது, அரை மணி நேரத்தை அவர்களிடம் தள்ளுங்கள். அது நடக்கும்வரை வேலையையே வெளியே கொண்டுபோங்கள். ஒரு தட்டும் கத்தியும் கால் கிலோ பீன்ஸும் எடுத்துக்கொண்டு மொட்டை மாடியிலோ கொல்லைப்படியிலோ உட்காருங்கள். இரண்டு நுனியையும் கிள்ளி, நாரை இழுத்து, பொடியாக நறுக்கி முடிப்பதற்குள் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் வெளிச்சம் கிடைத்துவிடும். கோலம் போடுவதும் கணக்கில் சேரும். பால் பாக்கெட்டை வீட்டுக்கு வரவழைக்காமல் பூத்துக்கு நடந்து போய் வாங்கினால் நடையும் அதிலேயே அடங்கிவிடும்.

நடை பற்றி நீட்ட வேண்டியதில்லை. வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாளுக்கு 22 நிமிடம் வருகிறது. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் வேகத்துக்கு அளவு.

நாலு மணிக் காபியை மாற்றுங்கள். காபியில் உள்ள காஃபினில் பாதி வெளியேறவே பலருக்கு ஐந்து மணி நேரம் ஆகிறது. நாலு மணிக்குக் குடித்தால் ஒன்பது மணிக்கும் பாதி உள்ளே இருக்கும். தூக்கம் வந்தாலும் ஆழம் குறையும். மறுநாள் அசதிக்கு இன்னொரு காபி கேட்கும். கடைசிக் காபி மதியம் இரண்டு மணிக்குள் முடியட்டும். டீயில் காஃபின் குறைவுதான், ஆனால் இல்லாமலில்லை.

இரவு பன்னிரண்டுக்குக் காரணம் என்ன? பல வீடுகளில் பாத்திரம் கழுவி முடிய பத்தரை ஆகிறது. அதன்பின் கைப்பேசியோடு கழியும் ஒன்றரை மணி நேரம்தான் ஒரு பெண்ணுக்குத் தனக்கென்று கிடைக்கும் பொழுது. அதைப் பிடுங்கச் சொல்ல மாட்டேன். இடத்தை மாற்றுங்கள். கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். சார்ஜர் கூடத்திலேயே இருக்கட்டும். படுக்கைக்குக் கைப்பேசி வரக் கூடாது. அலாரத்துக்கு ஒரு டைம்பீஸ் வாங்குங்கள். 12 மணியை ஒரே நாளில் பத்தரையாக்கப் பார்த்தால் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பீர்கள். மூன்று நாளைக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னே நகர்த்துங்கள். மூன்று வாரத்தில் பத்தரைக்கு வந்துவிடலாம். படுத்து 20 நிமிடமாகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கிய விளக்கில் துணி மடியுங்கள். கண் சொருகியபின் படுங்கள்.

இத்தனையும் பிடிபட்ட பிறகு, வாரத்துக்கு இரண்டு நாள், முன்பு உங்களுக்குப் பிடித்திருந்த ஒன்றுக்குக் கால் மணி நேரம் ஒதுக்கி, நாளையும் நேரத்தையும் காலண்டரில் எழுதுங்கள். புதன் மாலை ஏழு மணிக்குப் பழைய தோழிக்குப் போன் என்பது போல. மனம் தெளிந்தபின் பேசலாம் என்று காத்திருக்காதீர்கள். செயலை முதலில் தொடங்கினால் மனம் பின்னால் வருகிறது என்பதை வைத்தே மனச்சோர்வுக்கு ஒரு சிகிச்சை முறை 1970-களிலிருந்து வளர்ந்திருக்கிறது. முதல் இரண்டு தடவை ஒப்புக்குச் செய்வதாகத்தான் இருக்கும். அதை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

21 நாள் கதையைக் கிளப்பிவிட்டவர் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் அறுவை மருத்துவர். முகத்தில் அறுவை செய்துகொண்டவர்களுக்குப் புது முகம் பழகச் சுமார் 21 நாளாவது ஆகிறது என்று 1960-இல் எழுதினார். ‘ஆவது’ என்ற சொல் வழியில் உதிர்ந்து, ‘முகம்’ என்றிருந்தது ‘பழக்கம்’ என்று மாறிப் போனது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை வைத்துப் பார்த்தபோது, ஒரு செயல் யோசிக்காமலே செய்யும் பழக்கமாக ஆளைப் பொறுத்து 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆகும் என்று தெரிந்தது, நடுக்கணக்கு 66. இடையில் ஒருநாள் தவறியதால் பெரிய பாதிப்பும் இல்லை. நீங்கள் ஒன்பதாம் நாள் நிறுத்தியதற்குக் குற்ற உணர்ச்சி எதற்கு? பத்தாம் நாள் தொடர்ந்திருக்கலாம், அவ்வளவுதான்.

மற்றவை: நன்றி நாட்குறிப்பு தினமும் வேண்டாம். ‘குடும்பத்துக்கு நன்றி’ என்று ஒப்பிக்கும் சடங்காகிவிடும். வாரம் ஒருநாள், யார் என்ன செய்தார் என்று குறிப்பாக இரண்டு வரி எழுதினால் போதும். தியானம் பிடித்தால் ஐந்து நிமிடத்தில் தொடங்குங்கள். பச்சைத் தண்ணீர் உங்கள் விருப்பம். வெந்நீரில் தேனுக்கும் மனத்துக்கும் சம்பந்தமில்லை; அந்தக் காசில் டைம்பீஸ் வாங்கிவிடலாம்.